கன்னத்தில் வெள்ளைக் கோடு: ஐந்து வெள்ளி அடைப்பையும் எடுக்க வேண்டுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: "எனக்கு 47 வயது, பள்ளி ஆசிரியை. கல்யாணமான புதிதில் கடைவாய்ப் பற்களில் ஐந்து இடத்தில் வெள்ளி அடைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. எட்டு மாதமாக வலது கன்னத்தின் உட்பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நேராக, வலை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள். ரசமோ ஊறுகாயோ பட்டால் எரிகிறது. இடதுபுறம் ஈறில் மிளகு அளவுக்கு ஒரு கருநீலப் புள்ளியும் இருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஒன்றரை வருடமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெற்றிலை, புகையிலை பழக்கம் கிடையாது. வெள்ளி அடைப்பில் பாதி பாதரசம், ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள், மினமாட்டா நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு கிளினிக்கில் கேட்டேன், ஐந்தையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். மாசமாக இருக்கும் என் மகளுக்கும் இரண்டு பல்லில் வெள்ளி அடைப்பு உண்டு. என்ன செய்யட்டும்? எடுத்தால் அந்த வெள்ளியைத் திருப்பித் தருவார்களா என்று என் கணவர் கேட்கச் சொன்னார்."

அன்புள்ள வாசகிக்கு,

ரசம் பட்டால் எரிகிறது என்ற வரியைப் படித்ததும், எந்த ரசத்தைச் சொல்கிறீர்கள் என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன். சாப்பாட்டு ரசம்தான். ஆனால் மற்ற ரசத்துக்கும், அதாவது பாதரசத்துக்கும், இதில் பங்கு இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதல் வேலையாக, ஐந்தையும் ஒரே நாளில் எடுக்கும் அந்த அப்பாயிண்ட்மெண்டைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டியது ஒரே ஒரு பல்லை. மற்ற நான்கின் மேல் இப்போதைக்கு ஒரு புகாரும் இல்லை.

வீடியோ சொன்னதில் ஒரு பாதி உண்மை. வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தில் எடைக்கு எடை கிட்டத்தட்ட பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். நான் படித்த காலத்தில் இதைக் கல்வத்தில் போட்டு அரைப்போம். அரைத்த கலவையை ஒரு துணித்துண்டில் வைத்து முறுக்கிப் பிழிந்தால், அதிகப்படிப் பாதரசம் துணியின் நெசவு வழியே மணிமணியாக வெளியே வரும். கையுறை போட்டவர்கள் குறைவு. மேஜையிலிருந்து உருண்டு விழுந்த மணிகளைக் காகிதத்தால் கூட்டி எடுத்து விளையாடியவர்கள் அதிகம். இன்றைக்கு நினைத்தால் பகீரென்கிறது. இப்போது அளந்து அடைத்த காப்ஸ்யூலாக வருகிறது, இயந்திரமே குலுக்கிக் கலந்துவிடும். அப்படிப் பார்த்தால் இந்த விஷயத்தில் நோயாளியைவிட அதிகம் பயப்பட வேண்டியவர்கள் பல் மருத்துவரும் அவருடைய உதவியாளரும்தான்.

கலந்தபிறகு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். பாதரசம் வெள்ளியோடும் வெள்ளீயத்தோடும் சேர்ந்து கெட்டியான சேர்மமாக மாறிவிடும். சித்தர்கள் ரசத்தைக் கட்டுவது என்று சொன்னார்களே, ஏறக்குறைய அதே வேலை. ரசமணிக்குப் பதிலாகப் பல்லில் ஒரு அடைப்பு. ஆனால் கட்டு நூற்றுக்கு நூறு இறுகியதல்ல. மெல்லும்போதும், பல்லைக் கடிக்கும்போதும், சுடச்சுடக் காபி குடிக்கும்போதும் மேற்பரப்பிலிருந்து மிகக் கொஞ்சமாக ஆவி கிளம்பும். அப்புறம் எச்சிலில் நனைந்து நனைந்து உலோகம் அரிக்கப்படும்போது நுண்ணிய அளவில் அயனிகள் கரையும். பழசாகி, விளிம்பு உடைந்து, கறுத்து, அழுக்குப் படிந்த அடைப்பில் இந்த அரிப்பு அதிகம்.

மினமாட்டா கதை வேறு. ஜப்பானில் அந்த ஊரில் ரசாயனத் தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, மீனைச் சாப்பிட்டவர்களின் நரம்புகளைச் சிதைத்தது. 1956-இல்தான் அது ஒரு நோய் என்று அதிகாரபூர்வமாகத் தெரிய வந்தது. அங்கே குற்றவாளி மெத்தில் பாதரசம். உங்கள் பல்லில் இருப்பது அந்த வகை இல்லை. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே பேச்சு, நாள்முழுக்கப் பாதரசத்தோடு புழங்கிய தொழிலாளர்களையும் கொட்டப்பட்ட கழிவையும் பற்றியது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பயமுறுத்துவது சுலபம்.

அடைப்பிலிருந்து வரும் அளவு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறதா என்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியிலும் போர்ச்சுகலின் லிஸ்பனிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பாதிக்கு அமால்கம், மறுபாதிக்குப் பல் நிறப் பசை. 2006-இல் இரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன. அமால்கம் அடைத்த குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் நினைவாற்றல், கவனம், நரம்புச் செயல்பாடு எதிலும் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் ஐரோப்பாவில் ஏன் தடை? நல்ல கேள்வி. நார்வே 2008-இலும் ஸ்வீடன் 2009-இலும் நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து புதிதாக அடைப்பதை நிறுத்தியிருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்காக அந்த ஜப்பான் ஊரின் பெயரிலேயே போடப்பட்ட மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, 2034-க்குள் உலகம் முழுக்க இதைக் கைவிடுவது என்று முடிவெடுத்தன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முதன்மைக் காரணம் சுற்றுச்சூழல். கிளினிக்கின் வாஷ்பேசினிலிருந்து சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் பாதரசம் போகிறது. பல்லில் அடைப்போடு இறந்தவரைத் தகனம் செய்தால் புகையில் போகிறது. இனிமேல் போடாதே என்பதுதான் சட்டம். ஏற்கெனவே இருப்பதை எல்லாம் பிடுங்கு என்று எந்த நாடும் சொல்லவில்லை. வீடியோக்காரர் இந்த இடத்தில் பேச்சை வெட்டியிருப்பார்.

சரி, இப்போது உங்கள் கன்னத்துக்கு வருகிறேன்.

கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணாகி நீர் வடியும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அதே கம்மலைப் பக்கத்து வீட்டுப் பெண் பத்து வருடம் போட்டாலும் ஒன்றும் ஆகாது. கம்மலில் இருக்கும் நிக்கலை ஒருத்தியின் தோல் எதிரியாக நினைக்கிறது, இன்னொருத்தியின் தோல் கண்டுகொள்வதில்லை. வாயிலும் இது நடக்கும். அடைப்பிலிருந்து கரைந்த பாதரச அயனி கன்னச்சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபிறகு அந்தப் புரதம் நம்முடைய எதிர்ப்புச் செல்களின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரிகிறது. அவை போய், சதையின் மேல்தோலுக்கு அடிவரிசையில் இருக்கும் செல்களைத் தாக்குகின்றன. அதன் விளைவுதான் வெள்ளைப் பின்னலும், நடுநடுவே சிவப்பும், காரம் பட்டால் எரிச்சலும். இதை லைக்கனாய்டு புண் என்கிறோம். விஷம் ஏறியதால் வருவதில்லை. தொட்டால் வரும் அலர்ஜி. வெள்ளி அடைத்தவர்களில் மிகச் சிலருக்கே வரும்.

இருபது வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் என்று கேட்பீர்கள். இந்த வகை அலர்ஜி அப்படித்தான், ஆண்டுக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் விழித்துக்கொள்ளும். அடைப்பு பழசாகி அரிப்பு கூடுவதும் ஒரு காரணம்.

இதைக் கண்டுபிடிக்க நான் முதலில் எடுப்பது ஒரு சின்னக் கண்ணாடிதான். வாய்க் கண்ணாடியின் முதுகால் கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பார்ப்பேன், பிறகு மெல்ல விட்டுவிடுவேன். கன்னம் பல்லில் போய் ஒட்டும்போது வெள்ளைக் கோடுகள் எதன்மேல் உட்காருகின்றன? ஒரு நோயாளிக்கு அவருடைய கையிலேயே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்கச் சுவரில் கறுத்துப்போன அடைப்பு. அதற்கு நேர் எதிரே கன்னத்தில் அதே அகலத்துக்கு, மழை பெய்து பாதி கலைந்த கோலம் மாதிரி வெள்ளைக் கோடு. முத்திரை குத்தியதுபோல இருந்தது. அடைப்பு முடிந்த இடத்தில் கோலமும் முடிந்தது. அவரே, "ஓ, இதுவா" என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்களும் வீட்டில் பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில், செல்போன் டார்ச் போதும், ஒரு ஸ்பூன் காம்பால் வலது கன்னத்தை இழுத்துப் பாருங்கள். பிறகு இடது கன்னத்தையும், நாக்கின் இரண்டு ஓரங்களையும், ஈறுகளையும் பாருங்கள். அடைப்பைத் தொடும் இடத்தில் மட்டும் கோடு என்றால் அடைப்பின் மேல் சந்தேகம் வலுக்கும். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, அடைப்பே தொடாத இடங்களிலும் இருந்தால் அது லைக்கன் பிளானஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்கும் அடைப்புக்கும் சம்பந்தமில்லை, எடுத்தாலும் போகாது. பற்கள் கடித்துச் சேரும் மட்டத்தில் முன்னும் பின்னுமாக ஒரே நேர்கோடு மட்டும் ஓடினால் அது நோயே இல்லை, பல பேருக்கு இருக்கும். சுத்தமான துணியால் துடைத்தால் உரிந்து வரும் வெள்ளை பூஞ்சையாக இருக்கலாம். லைக்கனாய்டு கோடு துடைத்தால் போகாது.

கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன பிரஷர் மாத்திரை என் கண்ணில் பட்டது. மாத்திரை தொடங்கி ஒன்றரை வருடம், கோடு வந்து எட்டு மாதம். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், சில வலி மாத்திரைகள், சில சர்க்கரை மாத்திரைகள் இதே மாதிரிக் கோட்டை வாயில் வரவழைக்கும், அதுவும் ஒரு பக்கம் மட்டுமே வருவதும் உண்டு. ஆகவே மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்பதை அவர் உங்கள் பொது மருத்துவரிடம் பேசிக்கொள்வார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கன்னத்துக் கோட்டுக்குப் பயந்து பக்கவாதத்தை வரவழைத்துக்கொண்ட கதையாகிவிடும். பட்டை வாசனை உள்ள பற்பசையோ சூயிங்கமோ புதிதாக ஆரம்பித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பட்டைக்கும் இந்தக் குணம் உண்டு.

உங்களுக்கு வெற்றிலை, புகையிலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வாயில் வெள்ளைத் திட்டோடு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் பாக்கும் புகையிலையும்தான். அடக்கிவைக்கும் இடத்தில் திட்டு, வாய் திறக்க இறுக்கம், கடைசியில் புற்று. பாக்கெட் பாக்கை ஒதுக்கிக்கொண்டே, "டாக்டர், இது பாதரசமா இருக்குமோ?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பாதரசத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யும் வரிசை இது. அடைப்பின் கூர்மையான விளிம்பு கன்னத்தில் உரசுகிறதா என்று பார்த்து, இருந்தால் மழுக்கி மெருகேற்றி, பற்களைச் சுத்தம் செய்துவிட்டுச் சில வாரம் காத்திருப்பேன். எரிச்சலுக்கு ட்ரையாம்சினோலோன் போன்ற வாய்க்களிம்பு கொஞ்ச நாள் தரலாம். கோடு அசையவில்லை என்றால் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதையை எடுத்து ஒரு தையல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பல் பிடுங்குவதைவிடச் சின்ன வேலை. பயாப்சி பாதரசமா மாத்திரையா என்று துல்லியமாகச் சொல்லாது. ஆனால் ஆபத்தான மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், அதுதான் நமக்கு வேண்டியது. இந்த வகைப் புண்களில் மிகச் சிறு பங்கு வருடங்கள் போனபின் புற்றாக மாறுவதுண்டு. அதனால்தான் கோடு போனாலும் போகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயைக் காட்டச் சொல்கிறோம்.

தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டும் உண்டு. பாதரசச் சேர்மங்களைத் தடவிய பட்டையை 2 நாள் ஒட்டிவைத்து, எடுத்தபிறகும் சில நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். சிவந்து தடித்தால் சந்தேகம் உறுதிப்படும். தடிக்காவிட்டாலும், கோடு அடைப்பின்மேலேயே உட்கார்ந்திருந்தால் நான் அடைப்பைத்தான் சந்தேகிப்பேன்.

எல்லாம் பொருந்தி வந்தால் அந்த ஒரு பல்லின் அடைப்பை மட்டும் மாற்றலாம். ஒன்றை மட்டும் எடுத்து, சில வாரங்களில் அல்லது மூன்று நான்கு மாதங்களில் கோடு மங்கினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. நேராகத் தொடும் இடத்தில் வந்த புண்கள் பெரும்பாலும் இப்படி ஆறிவிடும். ஐந்தையும் எடுத்தபின் ஆறினால் எது காரணம் என்று தெரியாது. ஆறாவிட்டால் நல்ல பற்கள் நான்கைக் குடைந்ததுதான் மிச்சம். பழைய பெரிய அடைப்பைத் தோண்டும்போது பல்லிலும் கொஞ்சம் போகும். இருபது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த நரம்பு விழித்துக்கொண்டு, வேர் சிகிச்சை வரை இழுத்துவிட்ட பற்கள் எத்தனையோ.

எடுக்கும் முறையும் முக்கியம், ஏனென்றால் அடைப்பு வாயில் இருக்கும் காலத்தைவிட அறுத்தெடுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆவி அதிகம் கிளம்பும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஓட்டை வழியே அந்தப் பல் மட்டும் தலை நீட்டும், துகள் தொண்டைக்குப் போகாது. நிறையத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், பக்கத்திலேயே வேகமான உறிஞ்சுகுழாய் ஓட வேண்டும். அடைப்பைப் பொடியாக அரைக்காமல், கோடு கிழித்து இரண்டு மூன்று துண்டாகப் பெயர்த்தால் ஆவி குறையும். பிறகு பல் நிறப் பசையோ கேப்போ போடலாம். பல் நிறப் பசையும் சாமி இல்லை. எச்சில் படாமல் பொறுமையாக வைக்க வேண்டும், பெரிய குழிகளில் வெள்ளி அளவுக்கு உழைப்பதில்லை, அபூர்வமாக அதற்கும் அலர்ஜி உண்டு.

இடது ஈறின் கருநீலப் புள்ளி அநேகமாக ஒரு பச்சை குத்திய தழும்புதான். பாட்டிமார் கையில் பச்சை குத்திக்கொண்டதுபோல, அடைக்கும்போதோ பக்கத்துப் பல்லைப் பிடுங்கும்போதோ தெறித்த உலோகத் துகள் ஈறுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வெள்ளி அங்கே சதையின் நார்களில் ஒட்டிக்கொண்டு நிறம் காட்டும். அது வலிக்காது, பரவாது, எடுக்கவும் தேவையில்லை. எக்ஸ்ரேயில் சில சமயம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், துகள் மிக நுண்ணியதென்றால் தெரியாது. ஆனால் எப்போது வந்தது என்று தெரியாது என்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் அடைப்போ பழைய சிகிச்சையோ இல்லாத இடமென்றாலும், புள்ளி பெரிதானாலும், மேடானாலும், ரத்தம் கசிந்தாலும் அதிலும் ஒரு சின்னப் பயாப்சி எடுத்துவிட வேண்டும். நிறமிப் புற்று மிக அபூர்வம், ஆனால் தவறவிடக்கூடாதது. இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிடலாம்.

மகளுக்கு: இருக்கும் அடைப்பைத் தொடவே வேண்டாம். வலியோ உடைப்போ இல்லாத அடைப்பை மாசமாக இருக்கும்போது தோண்டினால், எந்தப் பாதரசத்துக்குப் பயந்தீர்களோ அதை நாமே கிளப்பிவிடுவதாகும். புதிதாகச் சொத்தை வந்தால் வெள்ளி வேண்டாம், வேறு அடைப்பு வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் சொன்னதும் இதுதான்: கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நரம்பு நோய் உள்ளவர்கள், பாதரச அலர்ஜி உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக வைப்பதைத் தவிருங்கள், நன்றாக இருக்கும் பழையதை, மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்காதீர்கள். உங்களுக்கு அலர்ஜி உறுதியானால் நீங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். அதன்பிறகு எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கு: திருப்பிக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பெரிய அடைப்பின் மொத்த எடையே ஏறக்குறைய ஒரு கிராம்தான், அதில் பாதி பாதரசம், மீதிப் பாதியிலும் வெள்ளி ஒரு பங்குதான். நகைக்கடையில் உருக்கினால் வெள்ளிக்கு முன்னால் பாதரசப் புகைதான் கிளம்பும். அந்தத் துண்டுகள் கிளினிக்கிலேயே மூடி இறுகிய டப்பாவில் போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும். வாஷ்பேசினில் துப்பச் சொன்னால் மட்டும், "டப்பா இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.